சாட்சியில்லாத சரிவு

வெள்ளிக்கிழமை கூடிய எங்கள் வார்டின் கிராமசபை, போதிய ஆள் தெகையாததால், திங்கட்கிழமை மாலைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் தள்ளிவைப்பதற்கு முன்பே நான் பேசி முடித்திருந்தேன். பழைய சந்தை நடந்த இடம் கூரை போய், நல்ல சிமெண்டுத் தரையோடு சும்மா கிடக்கிறது. அங்கே வண்டி நிறுத்தும் கொட்டகை போட வேண்டாம், ஒரு சரிவு கட்டி ஸ்கேட் போர்டு ஓட்டுகிற இளையவர்களுக்கு விட்டுத் தாருங்கள் என்பது என் கோரிக்கை. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் மாநில எல்லைக்கு அப்பாலும் இரண்டு மொழி மேடைகளில் கோப்பை வாங்கிய நாக்கு என்னுடையது. வந்திருந்த சொற்பக் கூட்டம் கைதட்டியது. வார்டு மெம்பர் அக்கா மட்டும் தட்டவில்லை.

"நல்ல பேச்சு, கொள்ளாம் மக்கா. மேலேந்து எறங்கணும், சரிவு கெட்டணும்னு சொன்னியே, நீ எறங்கியதுண்டா? இல்ல, சும்ம பேசுததாக்குமா?"

கூட்டம் சிரித்தது. "திங்கட்கிழமை பதில் சொல்லுதேன் அக்கா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

நான் இறங்கியதில்லை. சமதரையில் ஓட்டுவேன், வளைவேன், சிறு மேட்டையும் தாண்டுவேன். சரிவின் உச்சி வேறு. அங்கே போர்டின் வால்பகுதியை விளிம்பில் வைத்துப் பின்காலால் மிதித்து நிற்கவேண்டும். முன் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். பிறகு முன்காலை வைத்து, உடம்பு முழுவதையும் பள்ளத்துக்குள் வீசவேண்டும். இதைப் பாதி செய்ய வழியில்லை. ஒரு கூட்டத்தின் முன் நின்று, செய்யாததைச் செய்தேன் என்று சொல்லும் பழக்கமும் எனக்கில்லை. ஆகவே முடிவு எளிதாக இருந்தது: சனி, ஞாயிறு இரண்டு நாளுக்குள் எங்கேயாவது இறங்கிவிடவேண்டும். இறங்காவிட்டால் திங்கட்கிழமை எழுந்து நிற்கக்கூடாது.

சரிவு தேடி உடன் வந்தவர்கள் இருவர், ஓர் அண்ணனும் தங்கையும். பள்ளி நாள் முதல் மூவரும் ஒரே விவாத அணி. அண்ணன் தன் அப்பாவின் பழைய காரை ஓட்டுவான், அதிகம் பேசமாட்டான். தங்கை சட்டம் படிக்கிறாள். எங்கள் மூவரில் சரிவில் இறங்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதில் கருத்து வேறுபட்டாலும், எந்தக் கடையில் சாப்பிடுவது என்பதானாலும், அந்த இடத்திலேயே ஒருவர் ஒட்டியும் ஒருவர் வெட்டியும் பேசவேண்டும். மூன்றாமவர் நடுவர். கார் சாவியால் தண்ணீர்க் குப்பியில் ஒரு தட்டு தட்டினால் நேரம் முடிந்தது. தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. பெரும்பாலும் வென்றவன் நான்.

சனிக்கிழமை காலை காட்டாக்கடைக்கு அப்பால் போனோம். ஒருவர் தம் ரப்பர் தோட்டத்தின் நடுவே மகனுக்காகப் பலகையில் சரிவு கட்டியிருந்தார். மகன் கனடாவுக்குப் படிக்கப் போய்விட்டான். கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கேட்டைத் திறந்துவிடுகிறார். ஐப்பசி மழை முந்தின நாள் பெய்திருந்தது. அவள் மேலே ஏறி, தயக்கமே இல்லாமல் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறித் திரும்பி வந்தாள். பிறகு போர்டை என் பக்கம் உதைத்துவிட்டாள்.

நான் ஏறினேன். வாலை வைத்தேன். கீழே பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"இந்தப் பலகை மழையில் ஊதியிருக்கிறது நடுவர் அவர்களே. ஒட்டுப்பலகை நீர் குடித்தால் நடுவில் வளையும். வளைந்த பரப்பில் முதன்முதலாக இறங்குகிறவன் எதைக் கற்றாலும் தவறாகவே கற்பான். தவறான இடத்தில் தொடங்குவதைவிடச் சரியான இடத்துக்குப் போவதே முறை."

"நான் இப்பம் எறங்கினது பலகையிலயா, பாயாசத்துலயா?" என்றாள் அவள்.

"உன் எடைக்கு அது தாங்கும்."

"எலே, நீ என்ன ஆனையா?"

அண்ணன் குனிந்து பலகையை விரலால் அமுக்கினான். ஓரத்தில் கொஞ்சம் அமுங்கத்தான் செய்தது. சாவியைக் குப்பியில் தட்டினான். "ஊதியிருக்கு. போலாம்."

காரில் ஏறியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடியில் கிடந்த போர்டின் சக்கரத்தை விரலால் சுழற்றிக்கொண்டே இருந்தேன். அது நிற்க விட்டால் வேறெதையோ நினைக்க வேண்டிவரும் என்பதுபோல மறுபடி மறுபடி சுழற்றினேன்.

"அத விடு மக்கா, தலக்குள்ள கேக்குது" என்றான் அண்ணன்.

பிற்பகல், காஞ்சிரங்குளம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் வந்தோம். தங்கும் விடுதி ஒன்றின் பின்புறம் சிமெண்டில் வார்த்த கிண்ணம் போன்ற ஒரு பள்ளம். விடுதிக்கு வருகிறவர்கள் ஓட்டாத நேரத்தில் மற்றவர்களும் ஓட்டலாம். பலகை இல்லை, ஈரம் இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்று விளிம்பில் நின்றபோது, செருப்பில்லாத காலில் நறநறப்பு தட்டியது. ஷூவைக்கூட நான் அப்போதுதான் மாட்டப்போகிறேன் என்பதை அவள் கவனித்திருப்பாள்.

"மணல்" என்றேன்.

"கடக்கரையில மணல் இல்லாம மரச்சீனிக் கெழங்கா இருக்கும்?"

"சக்கரத்தின் பேரிங்குக்குள் மணல் புகுந்தால் சக்கரம் திடீரென நிற்கும். சக்கரம் நிற்கும், ஓட்டுகிறவன் நிற்கமாட்டான். இது என் அச்சம் அல்ல நடுவர் அவர்களே, இயற்கையின் விதி."

அவள் பதில் சொன்னாள், நன்றாகவும் சொன்னாள். பெருக்கினால் போகிற மணலுக்காக ஊர் மாறவேண்டுமா, ஒரு தென்னந்துடைப்பம் போதாதா என்று கேட்டாள். ஆனால் அவள் பேசிக்கொண்டிருந்தபோதே கடற்காற்று ஒரு வீச்சு வீசி, அவள் காலால் ஒதுக்கிக் காட்டிய இடத்தில் மறுபடி மணலைப் போட்டது. அதை நான் கைகாட்டினேன். சாவி குப்பியில் தட்டியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான் மிகச் சிறப்பாகப் பேசிய நாள்களில் அது ஒன்று என்று எனக்குத் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்து பாதியில் எழுந்தேன். வாசலுக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். அம்மா "ஆரயாம் எதிர்பாக்கியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவருக்கும் சர்ச் ஆராதனை முடிந்த பிறகுதான் புறப்பட முடியும். மிஷன் காலத்துப் பழைய சர்ச் அது. மதிலுக்கு வெளியே போர்டில் முன்னும் பின்னும் உருண்டுகொண்டு காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டது. நல்ல குரல், ஆனால் முடிக்கத் தெரியவில்லை. முடிவுரையைத் தொட்டுவிட்டு மூன்றாம் முறையாகப் புதிய உவமைக்குப் போனபோது, இந்த மனிதரால் என் திங்கட்கிழமை போய்விடும் என்று மனத்துக்குள் கத்தினேன்.

மாநில எல்லையான பனச்சமூட்டில் தேநீர் குடித்தோம். அந்தச் சந்திப்பில் ஒரு பக்கத்துப் பேருந்து திரும்ப இடம் கேட்டு ஹாரன் அடித்தால் மறுபக்கத்துப் பேருந்து பதிலுக்கு அடிக்கும். நான் பழம்பொரியைக் கடித்த வாயோடு "போவோம், போவோம்" என்றேன். எல்லைக்கு அப்பால், ஒரு பூங்காவின் மூலையில் புதிதாகக் கட்டிய ஸ்கேட் பார்க்குக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சீருடை அணிந்த காவலாளி விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "ஆறு மணிக்குப் பூட்டிருவேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

வழவழப்பான தரை. காய்ந்த தரை. மணல் இல்லை. நான் உச்சியில் ஏறி, வாலை விளிம்பில் மிதித்து, முன் சக்கரங்களை அந்தரத்தில் விட்டு நின்றேன். ஒரு நிமிடம் போயிருக்கும்.

"நடுவர் அவர்களே" என்று தொடங்கினேன். "இங்கே வெளிச்சம் குறைந்துகொண்டு வருகிறது. விளிம்பின் நிழல் சரிவின் மேல் விழும்போது, ஆழத்தைக் கண் தவறாக மதிப்பிடும். ஆகவே..."

பேசி முடித்தேன். அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் தன் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப்பில்ல" என்றாள்.

"என்ன?"

"எதிர்த்துப் பேசல்ல. நீ சொன்னது சரி. போலாம்."

எனக்கு அது புதிது. எத்தனையோ மேடைகளில் எதிரணி தடுமாறிப் பார்த்திருக்கிறேன், அழுதுகூடப் பார்த்திருக்கிறேன். வராமல் போனதில்லை. என் வாதம் கீழே போய் யார் மேலும் படாமல் தரையிலேயே கிடந்தது. அண்ணன் சாவியை எடுத்தான், ஆனால் தட்டவில்லை. எதிர்ப்பில்லாத வாதத்துக்குத் தீர்ப்பு எதற்கு என்பதுபோல அதைப் பையில் போட்டுக்கொண்டான்.

நான் முன்காலை வைத்து மிதித்தேன்.

போர்டு எனக்கு முன்னால் ஓடிவிட்டது. நான் மல்லாந்து விழுந்தேன். முழங்கை எரிந்தது. மறுபடி ஏறினேன், மறுபடி அதேபோல் விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்து கிடந்தபோது அவள் மேலிருந்து சொன்னாள்:

"எலே, மைக்குக்கு முன்னால நிக்கியது மாதிரி நிக்காத. நெஞ்ச நிமித்தாத. முன்னால சாயி."

அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. மேடையில் நிற்கும் முறையைப் பல ஆண்டு பழகியிருக்கிறேன்: பாரம் பின்காலில், நெஞ்சு நிமிர்வாக, பார்வை கடைசி வரிசையில். பின்காலில் ஊன்றி நிற்பவன் கூட்டத்துக்கு உறுதியானவனாகத் தெரிவான். சரிவிலோ பின்காலில் ஊன்றுகிறவனை விட்டுப் போர்டு போய்விடும். எனக்குப் பெருமை தந்த நிலையே என்னை விழவைத்துக்கொண்டிருந்தது. அதை மாற்றவும் முடியவில்லை. முன்னால் சாயவேண்டும் என்று மனம் சொன்ன கணத்தில் முதுகு தானாக நிமிர்ந்தது.

விசில் ஊதியது. "போதும் தம்பி, பூட்டணும்."

அண்ணனும் அவளும் போர்டுகளையும் பைகளையும் எடுத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார்கள். கார் மதிலுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் நின்றது. காவலாளி மறுகோடியில் விளக்கை அணைக்கப் போனார். நான் போவதாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மேலே ஏறினேன். கடைசி வரிசையைப் பார்க்கவில்லை, அங்கே வரிசையே இல்லை. கீழே, சரிவு தரையைத் தொடும் கோட்டைப் பார்த்தேன். குனிந்து, அதன் மேல் என்னைப் போட்டேன்.

சக்கரம் தரையை அடித்த ஓசை. நான் கீழே இருந்தேன், போர்டின் மேல், நின்றபடி. எதிர்ச் சரிவில் பாதி ஏறி, திரும்பி உருண்டு, தானாக நின்றேன். சுற்றிலும் யாரும் இல்லை.

காருக்கு ஓடிவந்து, "எறங்கியாச்சு!" என்றேன்.

அண்ணன் திரும்பினான். "எப்பம்?"

"இப்பம்தான். நீங்க இங்க வந்த பெறவு."

"ஆரு பாத்தது?" இது அவள், முன் இருக்கையிலிருந்து, திரும்பாமல்.

"ஆரும் பாக்கல்ல. ஆனா எறங்கினேன்."

"அப்பம் பேசு" என்றாள். "நான் வெட்டிப் பேசுதேன்."

பேசினேன். முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினேன். அது முந்தைய விழுதல்களின் சிராய்ப்பு என்றாள். சக்கர ஓசை கேட்டிருக்குமே என்றேன். காவலாளி தகரக் கதவை இழுத்த சத்தம்தான் கேட்டது என்றாள். என் சொல்லையே சாட்சியாக வைத்தேன். "நேத்துலேந்து நீ சொன்ன சொல்லு எத்தன? பலக ஊதிப்போச்சு, மணல் கெடக்கு, நெழல் விழுது. அதும் உன் சொல்லாக்கும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. அண்ணன் குப்பியில் தட்டினான்.

"சாட்சியில்ல, தெளிவில்ல. நீ தோத்துப்போன மக்கா."

பொய்யாக வாதிட்ட மூன்று முறையும் நான் தோற்கவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே முறை தோற்றேன். பனச்சமூடு வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். திரும்பிப்போகலாம் என்று இருமுறை சொன்னேன். கேட்டில் பூட்டு தொங்கும் என்று அண்ணன் இருமுறை சொன்னான்.

திங்கட்கிழமை மாலை கிராமசபைக்கு ஆள் தெகைந்தது. தொடக்கப்பள்ளி வகுப்பறையின் குட்டைப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அண்ணனும் தங்கையும் பக்கத்து வார்டு என்றாலும் வந்து, சன்னலோரம் நின்றார்கள். நான் எழுந்தேன். சந்தை இடத்தைப் பற்றி மறுபடி சொன்னேன், முன்னைவிடச் சுருக்கமாக அல்ல, முன்னைவிட நன்றாகவே. முடித்ததும் மெம்பர் அக்கா மறக்காமல் கேட்டார்.

"கேட்ட கேள்விக்குப் பதில் உண்டா மக்கா?"

"உண்டு. எறங்கினேன் அக்கா."

பின்பெஞ்சிலிருந்து ஒருவர், "ஆரு கண்டா?" என்றார். சிரிப்பு எழுந்தது. நான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் தோற்ற வாதங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

"நான் பாத்தேன்" என்றாள் அவள், சன்னலோரத்திலிருந்து.

மெம்பர் அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, சந்தை இடக் கோரிக்கையைச் சபையின் முன் வைத்தார். கைகள் உயர்ந்தன. கொட்டகை வேண்டும் என்றவர்களின் கைகளைவிட அதிகமாக உயர்ந்தன. இனி அது பஞ்சாயத்துக் கமிட்டிக்குப் போகும். அங்கே என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன். அண்ணன் காரை எடுக்கப் போயிருந்தான்.

"மெய்யாட்டு பாத்தியா?"

"நீ எறங்கினியா?"

"எறங்கினேன்."

"பின்ன என்ன?"

"பாத்திருந்தா நேத்து ஏன் வெட்டிப் பேசின? பாக்கலேன்னா இண்ணைக்கு ஏன் பாத்தேன்னு சொன்ன? ரெண்டுல ஒண்ணு பொய்யாக்கும்."

"வழக்காடாதல" என்று சொல்லிவிட்டு அவள் போர்டைச் சாலையில் போட்டாள். பள்ளிக்கூடத்து இறக்கம் அது, கீழே சந்தை இடம்வரை போகும். முந்தின நாள் வேப்பமரத்தடியில் நின்ற காரிலிருந்து மதிலுக்கு மேலாகப் பூங்காச் சரிவின் உச்சி தெரியுமா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தள்ளு தள்ளி ஓடிவிட்டாள். என் போர்டு காரில் கிடந்தது. நான் பின்னாலேயே, ஓடியும் நடந்தும், இறங்கிப் போனேன்.