உண்ணிக்கு அஞ்சாத அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய அமெரிக்க நாட்களைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி அண்ணன் என்னைப் பணித்தார். "நல்ல குணமா நாலு எழுது" என்றார். நானும் முயன்று பார்த்துவிட்டேன். எந்தக் குணத்தை எழுதத் தொடங்கினாலும், அப்பா நான் சொன்ன பேச்சைக் கேட்காததில்தான் வந்து முடிகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா கோபிச்செட்டிப்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மின்வாரியத்தில் சேர்ந்து, கம்பம் ஏறி, கம்பி இழுத்து, போர்மேனாக ஓய்வு பெற்றார். அந்தச் சம்பளத்தில்தான் தங்கைகளுக்குத் திருமணம் செய்துவைத்தார். அண்ணனையும் என்னையும் பொறியியல் படிக்கவைத்தார். புயலில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்போது அவர் மட்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார். "போகாதீங்க" என்று வாசலில் நின்று சொல்வது அம்மாவின் வேலை. அம்மா காலமான பிறகு அந்த வேலை எனக்கு வந்தது.

அண்ணன் வேலை நிமித்தம் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். ஆகவே அமெரிக்காவுக்கு எங்களைப் பார்க்க வந்த அப்பா, பிளெய்ன்ஸ்பரோவில் எங்களோடே தங்கிவிட வேண்டும் என்பது என் விருப்பம். கிரீன் கார்டு பற்றிக் கேட்டால் "பாக்கலாம் அம்மிணி" என்பார். அக்டோபரில் ஊர் திரும்பும் டிக்கெட் அவர் பெட்டியில் இருந்தது. இந்த நாடு பிடித்துப்போனால் தங்கிவிடுவார் என்று நம்பி நயாகராவுக்கு அழைத்துச் சென்றோம். அப்பா அருவியைப் பார்த்தார். "இதுல எத்தன மெகாவாட்டு எடுக்கறாங்க மாப்ள?" என்று என் கணவரைக் கேட்டார். தெரியவில்லை என்றதும் காருக்குத் திரும்பிவிட்டார்.

அவருக்குப் பிடித்தது, எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் ஒரு குளம். செப்டம்பர் பிறந்து காலைக் காற்று குளிரத் தொடங்கியதும், மகள் நிலாவும் மகன் கவினும் பள்ளியிலிருந்து வரக் காத்திருந்து, இருவரையும் அங்கே கூட்டிப்போவார். வாத்துகள் கூட்டமாக இறங்கும். மான்குட்டிகள் முதுகுப் புள்ளி மறைந்து அம்மாவின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். கரையில் வளை தோண்டியிருந்த கிரவுண்ட்ஹாக் என்கிற கொழுத்த அணில் இனப் பிராணி ஒன்று, குளிர்காலத் தூக்கத்துக்காக நாள் முழுவதும் தின்று, நடுநடுவே இரண்டு காலில் எழுந்து நின்று பார்க்கும்.

"அதுதான் போர்மேன்" என்பார் அப்பா. "வேல செய்யாது. நின்னு பாக்கும்."

"அப்புச்சி, யூ வேர் எ போர்மேன்!" என்பான் கவின்.

"அதனாலதான் சாமி சொல்றேன்."

குளத்தருகே ஒரு மின்கம்பம். மரக்கம்பம். இத்தனை பணக்கார நாட்டில் மரத்தில் கம்பம் நடுவதை அப்பாவால் நம்பவே முடியவில்லை. அதிலும் அதை ஒரு மரங்கொத்தி தினமும் குடைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு மரங்கொத்தி வேடிக்கை. அப்பாவுக்குக் கம்பம்தான் கவலை. நான் மீட்டிங்கில் இருக்கும்போது வந்து நிற்பார். "கரண்டு ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லு அம்மிணி. மழைக்கு முன்னால கம்பத்த மாத்தச் சொல்லு."

எனக்கோ கம்பம் கவலையில்லை, புல்தான் கவலை. மான் நடமாடும் இடத்தில் உண்ணி இருக்கும். கடித்தால் லைம் காய்ச்சல் வரும், கவனிக்காமல் விட்டால் மூட்டையும் நரம்பையும் பிடிக்கும் என்று இங்கே ஒவ்வொரு தாயும் பயந்துகொண்டேதான் இருக்கிறாள். சாக்ஸ் போடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். மடித்துக் கட்டிய வேட்டியும் செருப்புமாகத்தான் போவார்.

ஒருநாள் மாலை கவின் ஓடிவந்து, "அப்புச்சி புல்டு எ பக் ஃப்ரம் மை லெக்!" என்றான். முழங்காலுக்குப் பின்னால் சிவந்திருந்தது.

"உண்ணிங்களாப்பா? எங்க அது?"

"நசுக்கிக் கொளத்துல போட்டுட்டேன்."

"டாக்டர் கேப்பாருங்கப்பா, எந்த உண்ணி, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்துச்சுன்னு!"

"மாட்டுல எத்தன உண்ணி புடுங்கியிருப்பேன். எந்த மாடு டாக்டர்கிட்டப் போச்சு?"

மருத்துவர் ஒரு வேளை மருந்து கொடுத்து, பயப்பட வேண்டாம் என்றார். நான் பயந்தேன். குளத்துக்கு யாரும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பா சோபாவில் அமர்ந்து டிவி பார்த்தார். அந்த வார இறுதியில் பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்கத் தொடங்கினார்.

"என்னங்கப்பா இது? இன்னும் நாள் இருக்குதே."

"டிவி பாத்துட்டு ஒக்கார்றதுக்கு என்ற ஊட்லயே ஒக்காந்துக்கறேன் அம்மிணி. அங்க கரண்டு போனா வெளிய வந்து நாலு பேரையாவது பாப்பேன்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பையன் காலைப் பார்ப்பதா, அப்பா முகத்தைப் பார்ப்பதா? வழி சொன்னது நிலாதான். "அம்மா, ஜஸ்ட் செக் அஸ் அட் த டோர். எங்க டீச்சர் அதான் சொன்னாங்க."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். மூவரும் குளத்துக்குப் போகலாம்; ஆனால் சாக்ஸ் போட வேண்டும், மருந்து தெளித்துக்கொள்ள வேண்டும், திரும்பி வந்ததும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். நான் போன் வெளிச்சத்தில் கணுக்கால், முழங்கால் மடிப்பு, பிடரி, காதின் பின்புறம் எல்லாம் பார்த்த பிறகே உள்ளே விடுவேன். வேட்டிக்குக் கீழே முழங்கால் வரை வெள்ளை சாக்ஸோடு அப்பா கடைசியாக நிற்பார். "ஏர்போர்ட்ல கூட இப்படிப் பாக்கல" என்பார்.

அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் அதைப் பார்த்ததே இல்லை. வெளிச்சம் அதன் மேல் விழும்போதெல்லாம் உண்ணி என்று பதறி நகத்தால் தொடுவேன்.

"அது மச்சம் அம்மிணி. நேத்தும் அங்கதான் இருந்துச்சு."

டிக்கெட்டை ரத்து செய்தோம். அப்பா தங்கினார்.

அடுத்த கோடையில் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். மருத்துவமனைப் படுக்கையிலும் அவர் கேட்டது ஒன்றுதான். "கம்பத்த மாத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்கப்பா. ரெண்டு தடவ சொல்லிட்டேன்."

"மறுபடி சொல்லு."

செப்டம்பர் தொடக்கத்தில் அப்பா காலமானார். இறுதிச் சடங்குக்கு முன் அவரைக் குளிப்பாட்ட அனுமதித்தார்கள். அண்ணன் தண்ணீர் ஊற்ற, நான் துணியால் துடைத்தேன். கை பழக்கத்தில் காதை மடக்கிப் பார்த்தது. மச்சம் மட்டும் இருந்தது.

அந்த நாட்களில் சாப்பாடு கொண்டுவந்து, எங்கள் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும், பிரிட்ஜ்வாட்டர் கோவிலிலிருந்து வந்து காரியங்களைச் செய்துவைத்த பெரியவருக்கும், அப்பாவிடம் பொறுமையாகப் பேசிய செவிலியர்களுக்கும், ஊரிலிருந்து வந்த அத்தைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆண்டு நினைவு நாளுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் குளத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று நிலாவும் கவினும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போர்மேன் இந்த ஆண்டும் வந்திருக்கிறது. கம்பம் இன்னும் மாற்றப்படவில்லை. அனைவரும் போய்ப் பார்க்கலாம். சாக்ஸ் வாங்கி வாசலில் வைத்திருக்கிறேன். திரும்பி வந்ததும் தயவுசெய்து நேராக உள்ளே வந்துவிடாதீர்கள். வயதில் பெரியவர்களாக இருந்தாலும் வரிசையில் நிற்கவும். நான் ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன்.