இரண்டாவது தோசை

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் ‘போய் வேலையைப் பாருங்க’ என்று எழுந்துவிடுகிற ஆள் நான். எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கப் போன காலத்தில், மரத்தடியில் வெள்ளைக்காரத் துரை நிற்கிறார் என்று கூட வந்தவர்கள் அலறுவார்கள், நான் கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ காயப்போட்ட வேட்டியாக இருக்கும். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

கொட்டச்சேடு போகிற ரோட்டில் ஒரு வளைவுக்கு மேலே எங்கள் வீடு. வீட்டுக்காரர் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். சாயங்காலம் அந்த வளைவுக்கு வந்ததும் ஹாரன் அடிப்பார், இரண்டு சின்னதாக, ஒன்று இழுத்து. அது எனக்கு. கேட்டதும் கல்லில் மாவை ஊற்றுவேன், அவர் வேனை நிறுத்திக் கால் கழுவி வருவதற்குள் தோசை தட்டில் இருக்கும். கடைவாய்ப் பல் போன பிறகு மொறுமொறு ஓரத்தை வளையமாக விட்டுவிட்டு நடுவை மட்டும் சாப்பிடுவார், ஓரம் எனக்கு. ‘இன்னொண்ணு ஊத்து புள்ள’ என்பார். ஒரே தோசையோடு அந்த மனுஷன் எழுந்ததே கிடையாது.

அவர் நெஞ்சுவலியில் பொசுக்கென்று போனபோது எங்கள் ஒரே மகள் செல்வி அயர்லாந்தில் நர்ஸாக இருந்தாள். உடனே கிளம்பி வர முடியவில்லை, போனில்தான் முகம் பார்த்தாள். அதற்கப்புறம் ஊருக்கே வரவில்லை. ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பா என்று ஆரம்பித்தாலே, “அவரு இல்லாத ஊட்டுக்கு வந்து நான் என்னம்மா பண்றது?” என்று போனை வைத்துவிடுவாள். மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கி பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே போச்சு. எப்படியாவது ஒரு தடவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும் என்றுதான் போன வருஷம் ஆனியில், பெட்டியில் தோசைக்கல்லை வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அவள் இருக்கிற ஊர் பேர் கார்க். நடுவில் ஒரு ஆறு, அது இரண்டாகப் பிரிந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பாலம். அவள் நாலைந்து நர்ஸுகளோடு சேர்ந்து தங்கியிருந்ததால், எனக்காக ஆற்றங்கரையில் அடுப்படியோடு ஒரு மாடி ரூம் எடுத்திருந்தாள். மார்க்கெட்டில் குடலில் ரத்தத்தை அடைத்துச் செய்த கறுப்பு உருளை விற்றார்கள், அட, நம்ம ரத்தப் பொரியலுக்குச் சொந்தக்காரன் என்று வாங்கித் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. வண்டிகள் எறும்பு மாதிரி போகின்றன, ஒருத்தனும் ஹாரன் அடிப்பதில்லை, நானிருந்த அத்தனை நாளில் ஒரு வண்டிகூட அடித்து நான் பார்க்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரூமுக்குக் கீழேயே ஒரு பார். நம்ம ஊர் ஒயின்ஷாப் மாதிரி நினைக்காதீர்கள், குஞ்சு குளுவானோடு குடும்பமே வந்து சாப்பிடுகிறது, மூலையில் பிடில் வாசிக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரம்மா ஒரு கிளாஸை என் முன்னால் நகர்த்தினாள். கறுகறுவென்று டிக்காஷன், மேலே நுரை. காபி விளைகிற மலையில் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? ஒரே மடக்கு. கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது, பீர்!

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“உங்கப்பா இருந்தா இந்நேரம் மேசையில தாளம் போட்டு ஆடியிருப்பாருடா சாமி.”

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. “இங்க வந்துமாம்மா?” என்றாள். சாவியை என் கையில் வைத்துவிட்டு ஆற்றோரமாக விறுவிறுவென்று போய்விட்டாள்.

மணி பத்தாகப் போகிறது, வெளியே நம்ம ஊர் சாயங்காலம் மாதிரி வெளிச்சம். நான் மாடிக்குப் போய், பிள்ளை பசியோடு வருவாளே என்று கல்லைக் காயவைத்து நின்றேன்.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து கேட்டது. இரண்டு சின்னதாக, ஒன்று இழுத்து.

சத்தியமாகச் சொல்கிறேன், யோசிப்பதற்கு முன்னால் என் கை மாவை ஊற்றிவிட்டது. வெந்ததும் எடுத்துத் தட்டில் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். கீழே ஆட்கள், ஆறு, கடற்பறவைகள். வேன் ஒன்றும் இல்லை. அதற்குள் படியில் தடதடவென்று சத்தம், கதவைத் திறந்தால் செல்வி.

“அம்மா, பாலத்துல அப்பா ஹாரன்... உனக்குங் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு கண்ணு.”

அவ்வளவுதான், என் தோளில் சாய்ந்து ‘அப்பா, அப்பா’ என்று வெடித்து அழுதாள். அத்தனை நாள் அழாத அழுகை. வாசலிலேயே நின்று அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். இருக்கிறது ஒரே கதவு, அதில் நாங்கள்தான் நிற்கிறோம்.

உள்ளே திரும்பினால் தட்டில் தோசையைக் காணோம். ஓரம் மட்டும் வளையமாக இருந்தது. பழக்கதோஷம், எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். செல்வி வெறித்துப் பார்த்தாள். “அம்மா, தோசைய யாரு தின்னா?” என்று அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

அன்றைக்கு ராத்திரியே ஊருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் என் மனசு வேறெங்கோ இருந்தது. ஒரே தோசையோடு போயிருக்கிறாரே. அடுப்பை அணைத்தது நான்தானே.

இந்த வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்தாள். சாயங்காலம் வளைவில் ஹாரன் கேட்டது, இரண்டு சின்னதாக, ஒன்று இழுத்து. குறும்புக்காரி, டாக்ஸிக்காரரிடம் சொல்லி அடிக்க வைக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே ஒரு தோசையைத் தட்டில் வைத்து, அடுத்ததையும் ஊற்றிவிட்டு வாசலுக்குப் போனேன்.

“உங்கப்பா மாதிரியே அடிக்கச் சொன்னியாக்கும்?” என்று கன்னத்தைக் கிள்ளினேன்.

அவள் முகம் மாறியது. “நான் எதுவுஞ் சொல்லலியேம்மா. வண்டியில ஹாரனே ரிப்பேரு. அடிவாரத்துலருந்து டிரைவரண்ணன் கதவைக் கையால தட்டிக்கிட்டேதான் வந்தாரு.”

உள்ளேயிருந்து தோசை வேகிற வாசம் வந்தது. அவள் அடுப்படிப் பக்கம் போகப் பார்த்தாள், நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இரு சாமி. கொஞ்ச நேரம் இங்கயே உக்காரலாம்.”

இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்தோம். உள்ளே தட்டுச் சத்தம் கேட்டதா இல்லையா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.