அழகர்சாமியின் கையெழுத்து

தம்ளரின் விளிம்பைக் காகிதத்தால் ஒரு சுற்றுத் துடைத்து, அந்தக் காகிதத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்த பிறகுதான் அழகர்சாமி தண்ணீர் குடிப்பார். டன்லப் தெருச் சாப்பாட்டுக் கடையில் ஞாயிறுதோறும் இது நடக்கிறது. பரிமாறுகிறவர் முதலில் கோபப்பட்டார், பிறகு சிரித்தார், இப்போது காகிதத்தையும் தானே எடுத்து வைத்துவிடுகிறார்.

"அண்ணே, கழுவினதுதாண்ணே."

"கழுவினது வேற, சுத்தமானது வேற தம்பி."

சரியான சந்தேகப் பிராணி. ரயிலில் கம்பியைப் பிடிக்கமாட்டார். கால்களை அகட்டி ஊன்றி, கிளமெண்டியில் ஒருவர் மேல், ஜூரோங்கில் இன்னொருவர் மேல் சாய்ந்து திட்டு வாங்கிக்கொண்டே வேலைக்குப் போய்ச் சேருவார். குவீன்ஸ்டவுனில் மூன்று பேரோடு வாடகைக்கு இருக்கும் வீட்டில், அவர் அறை வாசலில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. கோட்டுக்கு வெளியே ஒரு ஜோடிச் செருப்பு, உள்ளே ஒரு ஜோடி. வெளிச்செருப்பு கோட்டைத் தாண்டினால் அன்று வீட்டில் ரகளைதான்.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல, தொழில் கொடுத்தது. ஜூரோங் பட்டறையில் பழைய குழாய்களையும் பம்புகளையும் அமிலத் தொட்டியில் ஊறவைத்து, உள்ளே படிந்த கறையைக் கரைத்தெடுக்கும் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். அதற்கு முன்னால் ஏழு ஆண்டுகள் வேறொரு நாட்டில், அணுமின் நிலையங்களில் இதே வேலை. அங்கே கழுவ வேண்டிய அழுக்கு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. கதிரியக்கம் ஒட்டிய மெல்லிய படலத்தை மருந்துகளால் கரைத்த பிறகு, ஒரு வட்டத் தாளால் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்து, தாளைக் கருவிக்கடியில் வைத்து எண்ண வேண்டும். தாள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது முதல் பாடம். ஈரம் கதிரை மறைத்துவிடும். கருவி பாவம், பூச்சியம் என்று வாய் கூசாமல் சொல்லும்.

இரண்டாவது பாடம் காகிதத்தைப் பற்றியது. பதிவில் தவறு நேர்ந்தால் அழிக்கவோ கிறுக்கி மறைக்கவோ கூடாது. அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதி, அடித்தவரின் கையொப்பம். வீட்டு மளிகைப் பட்டியலைக்கூட அவர் அப்படித்தான் திருத்துவார். வெங்காயம் மூன்று கிலோ இரண்டு கிலோவானதற்கு அவர் கையெழுத்துப் போட்டிருப்பதை அதே வீட்டில் குடியிருக்கும் நானே பார்த்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு பழைய பம்பு வந்து இறங்கியது. பல கை மாறி வந்த சரக்கு. வெளியே பெயிண்ட் உரிந்து துரு; உள்ளே மட்டும் கல்யாண வீட்டு எவர்சில்வர் மாதிரிப் பளபளப்பு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ஆளா அவர்? வெளியே துருப்பிடித்த பண்டத்துக்கு உள்ளே மட்டும் எவன் இத்தனை மெனக்கெட்டான் என்று மூன்று தடவை சுற்றி வந்தார். பிறகு மேலாளர் ரகுபதியிடம் காகிதங்களைக் கேட்டார்.

"பேப்பர் எல்லாம் கிளியர் லா. நீங்களே பாருங்க."

அணுமின் நிலையத்தின் சான்றிதழ். பம்பு கழுவப்பட்டது, சோதிக்கப்பட்டது, கதிரியக்கம் இல்லை, வெளியே விடலாம். சோதித்தவர் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு பணி எண்ணும் கோழி கிளறியது போல் ஒரு கையெழுத்தும். அந்தக் கோழியை அழகர்சாமிக்கு நன்றாகத் தெரியும். அது அவர்தான்.

தேதி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆகஸ்டு. அந்த மாதத்தில்தான் ஒரு வாரம் உலர்த்தும் இயந்திரம் பழுதாகிக் கிடந்தது. வேலை தேங்கிவிட்டதென்று மேலே இருந்தவர்கள் விரட்ட, ஈரத் தாள்களையே கருவியில் வைத்தார்கள். வரிசையாகப் பூச்சியம். வரிசையாகக் கையெழுத்து. இந்தப் பம்பு அந்த வாரத்ததா, அடுத்த வாரத்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதருக்கு, அன்று முழுக்கத் தன்னையே சந்தேகப்படும் வேலை.

அந்தக் கிறுக்கல் யாருடையதென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் காலையில் பட்டறைத் தொழிலாளி ரஃபீக் பம்பின் உள்வாயில் கிரைண்டரை வைத்துத் தேய்ப்பான், தூள் பறக்கும், மூக்குக்குள் போகும். வாயைத் திறந்தாலோ, ஈரத் தாளுக்குக் கையெழுத்துப் போட்டவனை யார் மேற்பார்வையாளராக வைத்துக்கொள்வார்கள்? வேலை அனுமதி அக்டோபரில் முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி எழுத வேண்டியவர் ரகுபதி.

வெள்ளிக்கிழமை காலை ரஃபீக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணவா?"

"வேணாம். யாரும் கிட்டப் போகாதீங்க. ரேடியேஷன் மீட்டர் வச்சிருக்கிறவங்கள வரச் சொல்லணும்."

ரகுபதி அறையிலிருந்து சான்றிதழோடு வந்தார். "என்னண்ணே இது? கஸ்டமர் மண்டே கேட்கிறான். மீட்டர்காரங்க வந்தா ஒர்க்ஷாப்பையே நிறுத்திடுவாங்க, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"செக் பண்ணி ஒருத்தர் சைன் போட்டிருக்காரு. தெரியாமலா போட்டிருப்பாரு?"

"அந்த ஆள நம்பாதீங்க சார்."

"மூஞ்சியே பார்க்காத ஆள்மேல என்னண்ணே சந்தேகம்? உங்களுக்கு எல்லார்மேலயும் சந்தேகம்தான் லா."

அழகர்சாமி சான்றிதழை வாங்கி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பீப்பாயின் மேல் விரித்தார். உள்ளங்கை வேர்த்திருந்தது, சட்டையில் இரண்டு முறை அழுத்தித் துடைத்து, காய்ந்ததா என்று பார்த்துக்கொண்டார். ரகுபதியின் பையிலிருந்து பேனாவை உருவினார். பன்னிரண்டு ஆண்டுப் பழைய கையெழுத்தின் குறுக்கே, அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்தார். அன்றைய தேதியைப் போட்டார். அதன் பக்கத்தில், இருவரும் பார்த்துக்கொண்டிருக்கவே, அதே கோழிக் கிறுக்கலை நிதானமாக எழுதினார்.