அந்த வயலின் எங்களுக்கு இல்லை

கல்லூரியில் நான் ஆடிய கூடைப்பந்து அணியை இறுதியாட்டத்தில் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிய பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டு சோபாவில் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

அவர்களுக்கு ஒழுகும் கூரை, காலில் கிழிந்த சப்பாத்து, உருக்கமான வயலின். நாங்கள் திரையில் வந்தாலே திகில் இசை. எங்களைப் "பணக்கார அணி" என்றது பின்னணிக் குரல். யார் பணக்காரி? பண்டமாரானில் லோரி ஓட்டியவரின் மகள் நான். என் சப்பாத்தும்தான் கிழிந்திருந்தது. நாங்கள் ஜெயித்துவிடுவோம் என்று எல்லோரும் நம்பியதால் அதை யாரும் படம் பிடிக்கவில்லை. கோப்பை போனது போகட்டும், அந்த வயலினைக் கேட்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கடைசி நிமிடத்தில் நான் கூடையில் போடாமல் தவறவிட்ட பந்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். முடியை ஒட்ட வெட்டியிருந்த என் அந்தக் காலத்து முகம் மகளுக்கு அடையாளம் தெரியவில்லை; நான் அந்த அணியில் ஆடியதை அவளிடம் சொன்னதும் இல்லை.

"மிஸ் பண்ணிட்டா லா! நல்லா வேணும் அவளுக்கு!" என்று துள்ளிக் கைதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீங்க கைதட்டலையா?"