பொருந்தாத வயர்

மகள் வாங்கிவந்த மெல்லிய புது கையடக்க வீடியோ கேமைப் பிரித்ததும் எழுந்த பிளாஸ்டிக் வாசனை, இன்று செம்பனை மட்டுமே நிற்கிற மலேசியாவின் புக்கிட் பெலண்டோக் எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே பக்கத்து வீட்டுச் செல்வியும் நானும், செத்த பேட்டரிகளைத் தகரக் கூரையில் வெயிலுக்கு வைத்து உயிரூட்டி, செங்கல்போல் தடித்த எங்கள் இரண்டு கேம்களையும் ஒரு வயரால் இணைத்து, எதிரெதிரே உட்கார்ந்து விளையாடிக்கொண்டே இருப்போம். எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். செல்வி வீட்டார் ரெம்பாவ் டவுனுக்குக் கிளம்புமுன் கடைசியாக ஓர் ஆட்டம் என்று பேசிவைத்திருந்தோம். அந்த வாரம்தான் அப்பாவிடம் அழுது, பழையதைக் கடையில் கொடுத்து, மெல்லியதை வாங்கினேன். வயர் அதில் நுழையவே இல்லை. லோரியில் ஏறிய செல்வி என் கையிலிருந்த புது கேமைப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு லா. யார்கூட விளையாடுவே?"