சும்மா நிற்கும் கார்

என் காரிலிருந்து மோட்டார் ரூம் வரை ஓடிய ஆரஞ்சு வயர்தான், அவரை நினைத்தால் முதலில் வருகிறது. எங்கள் ஊரப்பாக்கம் குடியிருப்பின் செயலாளர். மின்துறைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெனரேட்டர் கைவிட்ட கோடையில், நான் பெருமைக்காக வாங்கியிருந்த மின்சாரக் கார் அவர் கண்ணில் பட்டது. மின்வெட்டின்போது அதன் பேட்டரியில் தண்ணீர் மோட்டாரை ஓட்டலாம் என்றார். வருங்காலத்தில் நிறுத்தியிருக்கும் கார்களெல்லாம் சேர்ந்து ஊருக்கே மின்சாரம் தந்து தோள் கொடுக்குமாம். என் தோளை அதுவரை யாரும் நம்பியதில்லை, ஒப்புக்கொண்டேன்.

முன்பு கரண்ட் போனால் தண்ணீரை அளந்து செலவழித்தவர்கள், இப்போது போர்வைகளை ஊறவைத்தார்கள். மொட்டைமாடித் தொட்டி வழிந்தது. பேட்டரியில் இவ்வளவு மிஞ்ச வேண்டும் என்றிருந்த வரம்பை, வள்ளல் மனநிலையில் நானே குறைத்து வைத்தேன். ஒரு காலை அலுவலகம் போகும் வழியில், பெருங்களத்தூரில் சார்ஜ் தீர்ந்து கார் நின்றுவிட்டது. பின்னால் நின்ற பஸ்காரர் என் வம்சத்தை விசாரித்தார்.

அந்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். டீசல் மிச்சமானதை மட்டும் பேசுகிறோம், பேட்டரி தேய்வதை யாரும் பேசவில்லை, எல்லோரும் இவருக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் தர வேண்டும் என்றார்.

"வண்டி சும்மாதானே சார் நிக்குது?" என்றார் இரண்டாவது மாடிக்காரர்.

"உங்க ரெண்டாவது பெட்ரூம்கூட சும்மாதான் இருக்கு. வாடகை இல்லாம யாரையாவது வைக்கலாமா?"

சிரிப்பு எழுந்தது. ஓரிரு கைகள்கூட ஆதரவாக உயரத் தொடங்கின. அப்போதுதான் நான், பண்பாடு மிக்கவனாகத் தெரியும் ஆசையில், "பரவாயில்ல சார், நமக்குள்ள என்ன" என்றேன். கைகள் இறங்கின. செயலாளர் என்னையே பார்த்தார்.

"நீங்க பரவாயில்லன்னது பேட்டரிக்குத் தெரியாது சார்."

அடுத்த மாதம் பதவியை விட்டார். பிறகு மகள் வீட்டோடு கோவிலம்பாக்கம் போய்விட்டார்.

போன வாரம் சர்வீஸில் காரைப் பார்த்த மெக்கானிக், "கம்மியாத்தான் ஓட்டிக்கீறீங்க, பேட்டரி மட்டும் இன்னா சார் இப்டி கீது?" என்றான். செயலாளருக்குப் போன் செய்து சொன்னேன்.

"இப்பவாவது வாயத் திறந்து கேட்டீங்களா?"

அந்நேரம் கரண்ட் போனது. இரண்டாவது மாடிக்காரர் படியிறங்கி வந்து, சாவிக்குக் கையை நீட்டினார். போனில் செயலாளர் என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் கார் சாவியைக் கொடுத்தேன்.