சரசு இளைத்த கதை

எடை மெஷின் பக்கத்தில் நிற்பவனிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. ரந்தாவ் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் நான் உதவியாளன். மாதம் ஒருமுறை, உணவு ஆலோசனை சொல்லும் அம்மா புவான் நோராவோடு கோலா சாவா தோட்டத்து மண்டபத்துக்குப் போவேன். இளைக்க வருகிறவர்களின் எடையைப் பார்ப்பதும், அவர் மலாய் மொழியில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலை. மெஷினில் ஏறுவதற்கு முன் செருப்போடு கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கும் கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இதில் கடைசியாக வருவது சரசுவின் தம்பி என்னிடம் சொன்னது. பல வருஷம் அதை நான் நம்பவில்லை. பொய்யையே கேட்டுக் கேட்டு என் காது கெட்டுவிட்டதா, இல்லை அவன் சொன்னதே கொஞ்சம் மிகையா என்று இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ரப்பர் சோறு

புவான் நோரா ஒரு பெட்டி கொண்டுவருவார். அதில் ரப்பரில் செய்த சோறு, மீன், கோழிக்கால், முட்டை, கீரை எல்லாம் இருக்கும். தட்டில் பாதிக்குக் காய்கறி, ஒரு காலுக்குச் சோறு, இன்னொரு காலுக்கு மீனோ கோழியோ பருப்போ என்று அடுக்கிக் காட்டுவார். எதையும் அடியோடு விட வேண்டாம். உடம்பு செலவழிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே போனால் போதும் என்பார்.

சரசு முதன்முதலில் வந்தது அப்படி ஒரு நாளில்தான். பாமாயில் எடுக்கும் செம்பனங்காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர், நாற்பது வயது இருக்கும். ஏன் இளைக்க வேண்டும் என்று எல்லோரையும் கேட்பது போல அவரையும் கேட்டோம். தம்பி குணாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் சிரம்பானில் ரத்தம் கழுவுகிறான் என்றார். தன் கிட்னி அவனுக்குப் பொருந்துகிறது, ஆனால் இந்த எடையில் கத்தி வைக்க முடியாது, இளைத்துவிட்டு வா என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லி முடித்த கையோடு ரப்பர் சோற்றைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். "எங்க தாத்தா பால் வெட்டின ரப்பர் மரம் இப்பதான் சோறு போடுது போல, அண்ணே."

யார் வீட்டுத் தட்டு

பழ லோரி ஓட்டும் மணியம் மூன்று மாதமாகக் கால் தட்டுச் சோறுதான் என்று சத்தியம் செய்தார். எடை இறங்கவில்லை. பொய் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். புவான் நோரா அப்படி நினைக்கவில்லை. "சாப்பிடுற தட்டையே கொண்டு வாங்க" என்றார்.

மணியம் கொண்டுவந்தது கோயிலில் பழம் அடுக்கும் தாம்பாளம் போல இருந்தது. பெட்டியில் இருந்த ரப்பர் சோறு மொத்தத்தையும் கொட்டியும் அதில் கால் பாகம் நிறையவில்லை. அதற்கு மேல் தேங்காய்ப்பால் குழம்பை வெள்ளமாக ஊற்றிக்கொள்வாராம். மண்டபமே சிரித்தது. சரசு மட்டும் சிரிக்காமல், தன் வீட்டுத் தட்டை நினைத்துக்கொண்டவர் போல இரண்டு கையையும் வட்டமாக விரித்து அளவு பார்த்தார். மணியத்துக்குக் கோபம். "கால் தட்டுன்னுதான் சொன்னீங்க, யார் வீட்டுத் தட்டுன்னு சொல்லலையே லா."

வயிறு காய்ந்த மாதம்

அடுத்த மாதம் சரசுவின் எடை தடாலென்று இறங்கியிருந்தது. நான் கைதட்டினேன். புவான் நோரா தட்டவில்லை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். காலையில் பசியாற வெறும் கோப்பி, மத்தியானம் பப்பாளி, ராத்திரி ஒன்றுமில்லை. முந்தின வாரம் மரத்தடியில் மயங்கி விழுந்திருக்கிறார். டாக்டரோ, கொடுக்கிறவர் உடம்பு திடமாக இல்லாவிட்டால் பேச்சே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கரைந்தது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான் என்று புவான் நோரா விளக்கினார். காலையில் முட்டையும் ரொட்டியும், மத்தியானம் ஒரு பிடி சோறும் மீனும் கீரையும், ராத்திரி சோயாவில் செய்த தெம்பேயோ பருப்போ என்று சொல்லச் சொல்ல, நான் தமிழாக்கிக்கொண்டே வந்தேன். சரசுவுக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. "அவங்க நெசமா இதத்தான் சொன்னாங்களா, இல்ல பாவம்னு நீங்களா சேத்துச் சொல்றீங்களாண்ணே?"

புரட்டாசி

ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த எடை புரட்டாசியில் ஏறிவிட்டது. அந்த மாதம் நம்மில் பாதிப் பேருக்கு ஏறும். விரதம் இருந்தேனே, கறி மீன் தொடவில்லையே என்று சரசு அழாத குறை. மீன் போன இடத்தில் என்ன வந்தது என்று புவான் நோரா கேட்டார். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், சனிக்கிழமை பாயாசம், மாவில் செய்த போலி ஆட்டுக்கறி. புரதம் போனதும் பசி அடங்கவில்லை, அந்தப் பசிக்கு இன்னொரு கரண்டி சோறு.

விரதத்தை விட வேண்டாம், சோயாக் கட்டியான தவ்வும் தெம்பேயும் தயிரும் பருப்பும் மீனின் இடத்துக்கு வரட்டும் என்றார் புவான் நோரா. முஸ்லிம் பெண் ஒருவர் நம் விரதத்தைக் காப்பாற்றித் தந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. சரசு பெருமூச்சு விட்டார். "சாமிக்காக நான் மீனை விட்டேன், சாமி பதிலுக்கு அப்பளத்தைக் குடுத்துட்டாரு."

வடைக்கு இடம்

கொஞ்ச நாள் கழித்துச் சரசு ஒரு விசித்திரமான கோரிக்கையோடு வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் இரண்டு வடை சாப்பிட்டே ஆக வேண்டும், அதற்கு எதைக் குறைப்பது? ஆபரேஷன் நெருங்கும் நேரத்தில் நாக்கைக் கட்ட முடியவில்லையே என்று எனக்கு எரிச்சல். உங்களுக்காக இல்லை, தம்பிக்காக என்று நினைத்துப் பாருங்கள் என்று நானாகவே புத்தி சொன்னேன். புவான் நோரா சொல்லாததையும் மொழிபெயர்ப்பவன் நான்.

புவான் நோரா கொஞ்சம் யோசித்தார். வடை உண்ட ராத்திரி சோறு கிடையாது, எண்ணெய் கிடையாது, அவித்த முட்டையும் காயும் மட்டும் என்றார். அது பட்டினிக்குப் பக்கத்தில்தான், பேசாமல் வடையை விடுங்களேன் என்றேன் நான். "விட முடியாதுண்ணே, அதுக்கு ஒரு எடம் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க."

குணா சொன்னது

இடம் கிடைத்தது, எடையும் இறங்கியது. டாக்டர் சம்மதித்தார். ஆபரேஷன் நடந்தது, இருவரும் நன்றாக இருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் மருந்து வாங்க வந்த குணா, வரிசையில் நின்றபடி என்னிடம் சொன்னான்.

"மூணு புள்ளக்காரிண்ணே எங்கக்கா. அவள எனக்காக அறுக்கறது எனக்குப் புடிக்கல. வேணாம்னா கேக்கற ஆளு இல்ல. எடை குறையலன்னா டாக்டரே வேணாம்னுடுவாரில்ல? அதான் ரத்தம் கழுவிட்டு வரும்போதெல்லாம் வடை வாங்கியாந்து, அவ திங்கறவரைக்கும் எதிரிலேயே உக்காந்திருப்பேன்."

ஒரு மனிதன் தன் உயிருக்குத் தானே குறுக்கே நிற்பானா? பிழைத்த பிறகு கோத்துச் சொல்கிற கதை என்றுதான் எடுத்துக்கொண்டேன். நானாக இருந்தால் அக்காவுக்குக் கீரை வாங்கிக் கொடுத்திருப்பேன் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அப்புறம் தூக்கம் கெட்டது. சரசுவிடம் கேட்டேன். "ஆசையா வாங்கியாறான், அவன் முன்னால எப்படிண்ணே வேணாங்கறது?" என்றதோடு நிறுத்திக்கொண்டார். தம்பியின் எண்ணம் அவருக்குத் தெரியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அக்காவை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து மண்டபத்தில் விட்டான் குணா. சரசு இன்றைக்கும் தவறாமல் எடை பார்க்கிறார். ஒரே வடையை வைத்துத் தம்பி கூட்டப் பார்த்ததையும் அக்கா குறைத்துக் காட்டியதையும் என் மெஷின் வெறும் கிலோவாகத்தான் காட்டியிருக்கிறது. இன்னும் தீராத சந்தேகத்தோடு வாசலில் அவனை நிறுத்தினேன்.

"தம்பி, அக்கா எளைச்சுக்கிட்டே வர்றது ஒன் கண்ணுக்கே தெரிஞ்சிருக்குமே, அதுக்கப்பறமும் எதுக்குய்யா வடை வாங்கிட்டுப் போன?"